கான்யூர் கிளிகளைப் பிரித்தறிதல்: அடையாளக் கூறுகளும் அவற்றின் வரிசையும்

1. வரையறை

கான்யூர் என்பது ஒரு சிற்றினத்தின் பெயரன்று. ஒரு பேரினத்தின் பெயருமன்று. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட, நீண்டு கூர்ந்த வாலுடைய, சிறியதும் நடுத்தரமுமான பல பேரினக் கிளிகளுக்குப் பறவை வளர்ப்போர் வழங்கும் பொதுப்பெயர் அது. அறிவியல் வகைப்பாட்டிலும் எல்லைகள் நகர்ந்தே வந்துள்ளன. நெடுங்காலம் அரட்டிங்கா என்ற ஒரே பேரினத்துள் அடங்கியிருந்தவை 2013இல் அரட்டிங்கா, சிட்டக்காரா, யூப்சிட்டுலா, தெக்டோசெர்கஸ் என நான்காயின. பைருரா முன்பே தனித்து நின்றது.

ஒரு சிற்றினத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் உடற்பண்பை 'அடையாளக் கூறு' என்போம். பலவற்றுக்கும் பொதுவான பண்பு, எவ்வளவு கண்ணைக் கவர்ந்தாலும், அடையாளக் கூறு ஆகாது. அலகு, கண்வளையம் முதலிய உடலமைப்பை முதலிலும், இறகு நிறங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை அடுத்தும், நிறத்தையே இறுதியிலும் வைத்து நோக்க வேண்டும் என்பது நம் முடிபு.

2. பேரின நிலை

வெளிறிய கொம்பு நிற அலகும் அகன்ற வெண்ணிறக் கண்வளையமும் சேர்ந்திருப்பின் சிட்டக்காராவை எண்ணலாம். இதில் செம்முகக் கான்யூரும் மைட்டர்டு கான்யூரும் அடிக்கடி மயக்கம் தருவன; முதலாவதற்குச் சிறகின் முன்விளிம்பிலும் சிவப்பு உண்டு. மேலலகு வெளிறியும் கீழலகு கறுத்தும் தலை நீலமாகவும் இருப்பின் தெக்டோசெர்கஸ். கரிய அலகும் 30 செ.மீ. அளவும் உரத்த குரலும் சன் கான்யூர் முதலிய அரட்டிங்காவுக்கு உரியவை. மெல்லிய உடலும் மார்பில் செதில் போன்ற வரிகளும் உடையது பைருரா.

3. பைருராவுக்குள் எழும் ஐயம்

கிரீன் சீக் கான்யூரும் மெரூன் பெல்லிட் கான்யூரும் அளவில் ஒத்தவை. பச்சைக் கன்னம், வரிமார்பு, வயிற்றில் செம்பழுப்புத் திட்டு என யாவும் இரண்டிலும் உண்டு. ஆகவே பெயரில் உள்ள பண்பை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிப்பது மேல்வால். கிரீன் சீக்கில் மேல்வால் பெரும்பாலும் செம்பழுப்பே. மெரூன் பெல்லிட்டில் அது அடியில் பச்சை. நுனியில் மட்டுமே செம்பழுப்பு. பறவையைக் கீழிருந்து பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படாது. முதுகுப்புறமிருந்து நோக்குதல் இன்றியமையாதது. உச்சந்தலை துணைச்சான்று: முன்னதில் பழுப்புச் சாம்பல், பின்னதில் பச்சை, அலகின்மேல் மட்டும் குறுகிய கருஞ்செம்பட்டை.

4. நிறத்திரிபு

மரபணு மாற்றத்தால் ஒரே சிற்றினத்துள் தோன்றும் மாறுபட்ட நிறத்தோற்றத்தை 'நிறத்திரிபு' என்கிறோம். கிளியின் பச்சை ஒற்றைச் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பு, அடியிலுள்ள மெலனின் துணையுடன், நீலத்தைத் தருகிறது. அதனோடு மஞ்சள் நிறமி சேரப் பச்சை தோன்றுகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் தோற்றம் மாறும். சின்னமன் என்னும் திரிபில் கருமை பழுப்பாகிறது. டர்க்காய்ஸில் மஞ்சளும் சிவப்பும் குன்றுகின்றன. வாலின் செம்பழுப்புகூடச் சாம்பலாகி விடும். யெல்லோ சைடட் திரிபில் மார்பு வரிகளே மங்கி மறைகின்றன. அதுவும் சின்னமனும் ஒரே பறவையில் கூடியதே பைனாப்பிள். இவை யாவும் கிரீன் சீக்கின் திரிபுகளே. விற்பனையில் இவற்றைத் தனி இனங்கள் போலப் பெயரிடுவது பிழை. வாங்குவோர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

5. பருவமும் கலப்பும்

சன், ஜெண்டே ஆகிய இரு கான்யூர்களுக்கும் தலை மஞ்சள், வயிறு செம்மஞ்சள். வளர்ந்த சன் கான்யூரின் முதுகும் சிறகின் மேற்பகுதியும் மஞ்சள். ஜெண்டேயில் அவை பச்சை. ஆனால் சன் குஞ்சும் பெரிதும் பச்சையாகவே இருக்கும். இறகுதிர்ப்புகள் கடந்தே மஞ்சள் நிறையும். அதற்குமுன் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

இவ்விரண்டும் கூண்டில் இணைந்து குஞ்சு பொரிக்கும். கலப்பினக் குஞ்சின் சிறகில் பச்சையும் மஞ்சளும் எவ்வளவு அமையும் என்பதற்கு நிலையான விதியில்லை. மேற்கூறிய வரிசையும் இங்கே போதாது. கயானாவிலும் பிரேசிலின் ரோரைமாவிலும் காட்டுச் சன் கான்யூர் பிடித்து விற்கப்பட்டே அருகி, இன்று அழிவாய்ப்புள்ள இனமாகி விட்டது. ஆதலின் வளர்ப்பில் உள்ளவற்றின் வழித்தூய்மை நமக்குப் பொருட்டாகிறது. கால்வளைய எண்ணோடு பெற்றோர் விவரத்தையும் வளர்ப்பாளர் எழுதி வைத்திருந்தால், கண்ணால் தீர்க்க முடியாத இந்த ஐயத்தை அந்தப் பதிவைக் கொண்டு தீர்க்கலாம்.