இசைத்தட்டுகளின் சேதமும் மறுவிற்பனை மதிப்பும்

பழைய இசைத்தட்டுகளின் மறுவிற்பனை மதிப்பு, தட்டிலும் அதன் உறையிலும் ஏற்பட்டுள்ள சேதத்தைக் கொண்டு பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. கீறல், தேய்மானம், விரிசல், நெளிவு, பூஞ்சை ஆகியன முக்கிய சேதங்களாகும். எனினும் ஒரே வகைச் சேதம் எல்லாத் தட்டுகளின் விலையையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. அத்தட்டின் வேறு படிகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதும் விலையில் பங்கு வகிக்கிறது.

தட்டின் மூலப்பொருள்

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்குடன் கற்பொடி முதலியவற்றைக் கலந்து செய்யப்பட்டவை. இவை கடினமானவை, ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டுகள் வினைல் என்னும் நெகிழியால் ஆனவை. இவை எளிதில் உடைவதில்லை. ஆனால் கீறல் விரைவில் விழும், வெப்பத்தில் நெளியும்.

சேதங்களும் ஒலியும்

தட்டில் ஒலி, வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்லும் ஒரே சுருள் வரிப்பள்ளமாகப் பதிந்துள்ளது. வரிப்பள்ளத்திற்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால், சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்ற ஒலி கேட்கும். அதாவது நெடுந்தட்டில் 1.8 நொடிக்கு ஒருமுறையும், 78 சுற்றுத் தட்டில் ஏறத்தாழ 0.77 நொடிக்கு ஒருமுறையும் கேட்கும். கீறல் ஆழமாகிப் பள்ளத்தின் சுவர் உடைந்தால், ஊசி முந்தைய சுற்றுக்கே திரும்பி அதே அடியை மீண்டும் மீண்டும் பாடும். சொன்னதையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று தமிழில் கேலி செய்வது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியும் கீறலைவிடத் தெரியாத தேய்மானம் பல வேளைகளில் கூடுதல் தீங்கானது. கிராமபோனின் எஃகு ஊசியைத் தட்டின் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்றுவதே முறை. சிக்கனம் கருதிப் பல வீடுகளில் ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்தியதால் வரிப்பள்ளங்கள் அரிக்கப்பட்டன. அத்தகைய அரக்குத் தட்டு வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றும். எண்ணெய் தேய்த்துக் கருமையாக்கி விற்பதும் உண்டு. ஆகவே வாங்குபவர் இயக்கிக் கேட்பது நல்லது. மேலும், அரக்குத் தட்டை ஆல்ககால் கொண்டு துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

தரநிலைகள்

1974இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இதழான கோல்டுமைனின் தரநிலைகள் வினைல் தட்டுகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஏறத்தாழப் புதியது போன்ற தட்டின் விலையை 100 எனக் கொண்டால், சிறு குறைகள் மட்டும் உள்ள 'வெரி குட் பிளஸ்' தட்டு 50, இரைச்சல் தெளிவாகக் கேட்கும் 'வெரி குட்' தட்டு 25, 'குட்' தட்டு 10 முதல் 15 வரை பெறும். இங்கு 'குட்' என்பது நல்லது என்று பொருள்படாது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

உறைக்குத் தனியே தரநிலை அளிக்கப்படும். உறையின் மேல் பேனாவால் எழுதப்பட்ட உரிமையாளர் பெயர் ஒலியைச் சிறிதும் பாதிப்பதில்லை, ஆயினும் விலையைக் குறைக்கும். 1980களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜாவின் திரையிசைத் தட்டுகளைத் தேடுவோர் உறைப்படத்தையும் விரும்புவதால், கிழிந்த உறை அவர்களுக்குப் பெருங்குறையே.

அரிய தட்டுகள்: காஞ்சிபுரம்

மேற்கண்ட விகிதங்கள் வேறு படி கிடைக்கும் தட்டுகளுக்கே பொருந்தும். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய தட்டுகள் இன்று மிக அரியவை. அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகன் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) இசைத்தட்டுகளில் பாடவில்லை. எனவே அவர் குரலைக் கேட்க இன்று வழியில்லை, அக்குடும்பத்தின் பாணியை அறியச் சிற்றன்னை அல்லது பெரியன்னையின் அத்தட்டுகளே மிஞ்சுகின்றன. இத்தகைய தட்டில் விரிசலோ கடும் இரைச்சலோ இருப்பினும், சேகரிப்போர் அதை ஒதுக்குவதில்லை. ஒரு நிமிடம் கேட்க முடிந்தாலும் அதற்கு மதிப்புண்டு. பரண்களில் கிடக்கும் பழைய தட்டுகளைச் சேதத்தைப் பார்த்து எடைக்குப் போடுவது இக்காரணத்தால் பேரிழப்பாகக் கூடும்.

உடைந்த தட்டுகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரக்குத் தட்டுப்பாட்டால் அமெரிக்காவில் பழைய தட்டுகள் திரட்டப்பட்டுப் புதிய தட்டுகளுக்கு மூலப்பொருளாக்கப்பட்டன. இன்று உடைந்த துண்டுகளிலிருந்தும் ஒலியை மீட்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் ஹேபர், விட்டாலி ஃபடேயெவ் ஆகியோர், ஊசி படாமல் வரிப்பள்ளத்தைப் படமெடுத்துக் கணினி மூலம் ஒலியாக மாற்றும் முறையை 2003இல் வெளியிட்டனர். பசையால் ஒட்டப்பட்ட தட்டில் பசை பள்ளங்களை நிரப்பிவிடும். ஆகவே உடைந்த துண்டுகளை ஒட்டாமல், ஒன்றுடன் ஒன்று உரசாதபடி தனித்தனியே தாளில் சுற்றி, சிறு சில்லுகளையும் சேர்த்து வைப்பது பரிந்துரைக்கப்படுகிறது.