மரம் அறுக்கும் மேசையும் ஒரு மிச்சக் கட்டையும் - சிறு வரலாறு

வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தின் சாமுவேல் மில்லர் 1777-ல் வாங்கிய காப்புரிமையிலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

அதைவிட சுவாரஸ்யமான கதை போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்தது. பாய்க்கயிறு ஓடும் மரக்கப்பிகளைச் செய்ய மார்க் புரூனெல் எந்திரங்களை வடிவமைத்தார்; ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 1808-ல் உற்பத்தி சுமார் 1,30,000 கப்பிகள்! 110 தேர்ந்த தொழிலாளிகளின் வேலையை அனுபவமில்லாத 10 பேரே செய்தார்கள். எப்படி? கட்டையை நகராமல் சரியான இடத்தில் பிடிக்கும் வேலையைக் கையிடமிருந்து எந்திரத்தின் பிடிப்பான்கள் வாங்கிக்கொண்டன.

சரி, கோவிலம்பாக்கம் பக்கம் வருவோம். புது வீடுகளுக்கு அலமாரி செய்யும் தச்சர்கள் பலர் விலை உயர்ந்த மேசை ரம்பம் வாங்குவதில்லை. பிளைவுட் பலகைக்கு அடியில் கட்டர் மெஷினைத் தலைகீழாகப் பொருத்துகிறார்கள். நேரான ஒரு ரீப்பரை இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதுவே ஃபென்ஸ்.

காசு மிச்சம், ஆனால் விரலுக்கு ஆபத்து. அறுபடும் கட்டை ஃபென்ஸை விட்டு விலகி ரம்பத்தின் பின்பக்கப் பற்களில் பட்டால், ஆளை நோக்கியே பாயும். இதற்கு மருந்தும் மிச்சக் கட்டையில்தான் இருக்கிறது. அதன் ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, சீப்பு மாதிரி கீறி, ரம்பத்துக்குச் சற்று முன்னால் மேசையோடு இறுக்க வேண்டும். அது பலகையை ஃபென்ஸோடு அழுத்தும். முன்னே போகவிடும், பின்னே வரவிடாது. கடைசிச் சாணைத் தள்ள விரல் வேண்டாம், ஒரு குச்சி போதும்.

போர்ட்ஸ்மவுத்தில் முதலாளியின் கூலிச் செலவைக் குறைத்தது பிடிப்பான். இங்கே தச்சரின் கூலியையே காப்பாற்றுகிறது. விரல் போனால் கூலியும் போய்விடும் அல்லவா?