வைத்தியச் செலவும் வட்டுக்கோட்டை வட்டாரமும்

நோயுற்றார்க்கு மருந்து வேண்டும். மருந்துக்குப் பொருள் வேண்டும். அப்பொருளை நோயாளர் தருவதா, அறஞ்செய்வார் தருவதா, அரசு தருவதா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கேற்ப விடை கண்டுள்ளது. வட்டுக்கோட்டையும் அதனை அடுத்த ஊர்களும் சேர்ந்த சிறு வட்டாரத்துள்ளேயே இவ்விடைகளுட் பல ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன என்பது பலர் கருதாத செய்தியாகும்.

முன்னாளில் பரம்பரைப் பரியாரியாரே ஊருக்குத் துணை. 1820 இல் யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் பண்டத்தரிப்பில் மேனாட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். அதன் செலவைக் கடல் கடந்த அந்நாட்டார் தம் நன்கொடையால் தாங்கினர். 1847 இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர், மறு ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்று, ஆங்கே மருந்துசாலையோடு வைத்திய வகுப்பையும் நடத்தினார்.

கிறீன் கண்ட வழி தனித்தன்மை வாய்ந்தது. அயல்நாட்டு நன்கொடை என்றும் நீடிக்குமென அவர் நம்பவில்லை. ஊரிலே பிறந்து, ஊரிலே வாழ்ந்து, ஊரார் தரும் சிறு கூலியால் பிழைக்கும் வைத்தியர்களையே அவர் உருவாக்க விரும்பினார். ஆங்கிலங் கற்றவர் ஊரைவிட்டு உத்தியோகந் தேடி அகல்வதையும் அவர் கண்டிருந்தார். ஆங்கிலக் கல்வியாற் புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியே 1855 இல் மூடப்பட்டது. 1864 முதல் அவர் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலியன இவ்வாறு தமிழில் எழுந்தன. 1873 இல் தாயகம் மீண்டபின்னும், 1884 இல் இறக்குமளவும் தமிழை அவர் மறந்தாரல்லர். அவரிடம் பயின்று வைத்தியராயினார் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். எனினும் 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசினர் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. கிறீனுக்குப்பின் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

இனி, பிறநாடுகளை நோக்குவோம். ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883 இல் நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கினார். தொழிலாளர் மூன்றில் இரு பங்கும் முதலாளிமார் ஒரு பங்கும் இறுத்தனர். அரசு மேற்பார்வை செய்தது. பிரித்தானியா 1911 இல் இம்முறையைத் தழுவி, 1948 யூலை 5 இல் அதனைக் கடந்து, வரிப்பணத்தால் யாவர்க்கும் வைத்தியம் என்னும் நிலையை எய்தியது. நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே மருந்துச்சீட்டுக்கு ஒரு சிலிங் கட்டணம் புகுந்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1965 இல் முதியோர்க்கும் வறியோர்க்கும் மட்டுமே அரசுதவியை வகுத்தன. வெளியூர்க்கு வைத்தியரை அனுப்பிய நாடு தன் மக்கள் அனைவர்க்கும் அதனை உறுதிசெய்யத் தயங்கியது வியப்பே.

இலங்கை சென்ற வழி வேறு. காப்புறுதி மாதச் சம்பளம் பெறுவோர்க்கே பொருந்தும். தோட்டமும் வயலுஞ் செய்வோரிடம் அதனை எங்ஙனம் அறவிடுவது? 1931 இல் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தபின் ஊர்தோறும் ஆஸ்பத்திரி வேண்டுமென்ற குரல் சட்டசபையில் ஒலித்தது. 1934–35 இல் மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தபோது, தென்மேற்குப் பகுதிகளில் வைத்திய வசதி எவ்வளவு அரிதென்பது வெளிப்பட்டது. 1951 இல் அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. 1946 இல் ஆயிரவர்க்கு 20 ஆக இருந்த இறப்பு மறு ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. டி.டி.ரி. தெளித்தமையே காரணமென்பர் சிலர். மலேரியா அரிதான மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்தமையால், ஆஸ்பத்திரிகளும் மருத்துவச்சிகளும் ஆற்றிய பணியை மறுத்தல் இயலாது.

செல்வத்தில் மிக்க நாடுகளோடு ஒப்பிடுமிடத்து இலங்கை செலவிட்டது சிறிதே. குறைந்த செலவில் இத்துணைப் பயன் விளைந்ததற்கு, நடந்தே செல்லத்தக்க தூரத்தில் வைத்தியசாலை இருந்தமை முதற்காரணம் எனலாம். கிறீன் நாடியதும் இதுவே. அவர் நோயாளரின் கூலியை நம்பினார், அரசு வரியை நம்பியது. ஆயினும் இலவசம் என்ற சொல் முற்றும் மெய்யன்று. வெளிநோயாளர் பலர் மாலையில் தனியார் வைத்தியரை நாடிக் கைப்பணம் இறுக்கின்றனர். பெருநோய்க்கு அரசினர் கட்டிலையே தேடுகின்றனர். மொழியைப் பற்றிய கிறீனின் விடையை மட்டும் எவரும் ஏற்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் தோன்றியது. ஆங்கும் பயிற்றுமொழி ஆங்கிலமே.