பத்திரிகை நறுக்குகளில் ஒரு நாட்டின் மாற்றம்: பேராசிரியர் ஹுவான் லின்ஸும் அவரது ஆவணங்களும்

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகத் தகவல்களைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அரசியல் சமூகவியல் பேராசிரியர் ஹுவான் லின்ஸ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. அவரது எழுத்துகளுக்கு முன்பாக என்னை இழுத்தது அவர் சேர்த்து வைத்த பத்திரிகை நறுக்குகள்தான். அதற்கான காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

யார் இந்த லின்ஸ்?

1926 டிசம்பரில் ஜேர்மனியின் பொன் நகரில் பிறந்தவர். தந்தை ஜேர்மனியர், தாய் ஸ்பானியர். சிறுவயதிலேயே ஸ்பெயினுக்குச் சென்ற அவர், அங்கு நடந்த உள்நாட்டுப் போரையும் பின்னர் ஜெனரல் பிராங்கோவின் ஆட்சியையும் நேரில் பார்த்து வளர்ந்தார். மட்ரிட்டில் சட்டமும் அரசியல் விஞ்ஞானமும் கற்று, 1950 இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மேற்கு ஜேர்மனிய அரசியலின் சமூக அடித்தளங்கள் பற்றிய ஆய்வுக்காக 1959 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கொலம்பியாவிலும் பின்னர் நீண்டகாலம் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த அவர், 2013 ஒக்ரோபரில் காலமானார்.

அவரது பெயரை நிலைநிறுத்தியது பிராங்கோவின் ஸ்பெயின் பற்றி 1964 இல் வெளிவந்த கட்டுரை. அக்காலத்து ஆய்வாளர்கள் ஆட்சிகளை ஜனநாயகம், சர்வாதிபத்தியம் என இரண்டாக மட்டும் பிரித்தனர். பிராங்கோவின் ஆட்சி இரண்டிலும் அடங்கவில்லை என்றார் லின்ஸ். அங்கே திருச்சபை, இராணுவம், வணிகர்கள் என மட்டுப்படுத்தப்பட்ட பன்மைத்துவம் இருந்தது. முழுமையான சித்தாந்தம் இருக்கவில்லை, ஒருவகை மனப்பாங்கே இருந்தது. மக்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பரிப்பதை ஆட்சி விரும்பவில்லை, அவர்கள் வீட்டில் அமைதியாக இருந்தாலே போதும் என்றிருந்தது. இதை அவர் ‘எதேச்சாதிகார ஆட்சி’ என்று தனிவகையாக வரையறுத்தார். இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் இச்சொல்லுக்குத் துறைசார்ந்த பொருளைத் தந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

ஜனநாயகம் எப்படி விழுகிறது?

1978 இல் அல்பிரட் ஸ்டெபானுடன் இணைந்து ஜனநாயக ஆட்சிகளின் சரிவு பற்றிய பெருந்தொகுப்பொன்றை வெளியிட்டார். அதில் லின்ஸ் முன்வைத்த ‘அரை விசுவாச எதிர்க்கட்சி’ என்ற கருத்து நம் கவனத்துக்குரியது. ஜனநாயகத்தை வெளிப்படையாக எதிர்ப்பவர்கள் மட்டும் அதைக் கவிழ்ப்பதில்லை. வன்முறையைத் தாங்கள் செய்யாமல், செய்பவர்களைக் கண்டிக்கவும் செய்யாமல், அவர்களுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு லாபம் தேடும் பிரதான கட்சிகளும் சரிவுக்குப் பொறுப்பாளிகள் என்பது அவரது முடிவு. எங்கள் நாட்டின் இனக்கலவரங்களுக்கு முன்னும் பின்னும் நாடாளுமன்றத்தில் ஆற்றப்பட்ட உரைகளை வாசித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1990 இல் வெளிவந்த, ஜனாதிபதி முறையின் ஆபத்துகள் பற்றிய கட்டுரைதான் அவரது எழுத்துகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது. வாதம் எளிமையானது. ஜனாதிபதியும் நாடாளுமன்றமும் மக்களால் தனித்தனியாகத் தெரிவாகும்போது இருவரும் மக்கள் ஆணை தமக்கே உண்டு என்பார்கள். முரண்பாடு வந்தால் தீர்த்துவைக்க ஜனநாயக வழி எதுவும் இராது. பதவிக்காலம் நிலையானது என்பதால் மக்கள் நம்பிக்கையை இழந்த தலைவரை இடையில் மாற்றுவதும் கடினம். வெற்றிபெற்றவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். சிலியில் 1970 இல் ஏறத்தாழ 36 வீத வாக்குகளுடன் ஜனாதிபதியான அலெண்டே, எதிரணியின் கையிலிருந்த நாடாளுமன்றத்துடன் மோதி, 1973 இல் இராணுவச் சதியில் வீழ்ந்தது இந்த விவாதத்தில் எப்போதும் காட்டப்படும் உதாரணம்.

இலங்கையின் முறை முழுமையான ஜனாதிபதி முறை அல்ல. பிரதமரும் அமைச்சரவையும் நாடாளுமன்றத்தில் தங்கியிருக்கும் கலப்பு முறை. ஆனாலும் 2018 ஒக்ரோபரில் ஜனாதிபதி பிரதமரை நீக்கி, பின்னர் நாடாளுமன்றத்தையும் கலைத்தபோது நாம் கண்டது இதே இரட்டை ஆணைச் சிக்கல்தான். உயர்நீதிமன்றம் தலையிட்டே அது தீர்ந்தது. 2019 இல் 52 வீத வாக்குகளுடன் வந்த ஜனாதிபதியை 2022 இல் வெளியேற்ற மக்கள் மாளிகைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

லின்ஸை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டொனால்ட் ஹொரோவிட்ஸ் அதே ஆண்டிலேயே மறுத்தெழுதினார். லின்ஸ் இலத்தீன் அமெரிக்காவை மட்டும் பார்த்துப் பேசுகிறார் என்றும், இலங்கையின் விருப்பு வாக்கு முறையைப் போன்ற ஏற்பாடுகள் வேட்பாளரைச் சிறுபான்மையினரின் ஆதரவைத் தேடச் செய்யும் என்றும் வாதிட்டார். எதிர்வாதத்துக்கு உதாரணமாக இலங்கையே எடுக்கப்பட்டது! ஆனால் இரண்டாவது விருப்பு வாக்குகள் எண்ணப்படும் நிலை 2024 இல்தான் முதன்முறையாக வந்தது. இடைப்பட்ட காலத்தில், 2019 இல், பெரும்பாலும் சிங்கள வாக்குகளாலேயே ஒருவர் ஜனாதிபதியாக முடியும் என்பதும் நிரூபணமானது.

1956: இரு நாடுகள், இரு முடிவுகள்

2011 இல் ஸ்டெபான், யோகேந்திர யாதவ் ஆகியோருடன் அவர் எழுதிய நூல் எங்களை நேரடியாகத் தொடுகிறது. ஒரு நாட்டுக்குள் பல தேசிய உணர்வுகள் இருக்கும்போது எல்லோரையும் ஒரே வார்ப்பில் வார்க்கும் ‘தேச-அரசு’ ஒரு வழி. அடையாளங்களை ஏற்றுக்கொண்டு அவற்றுக்கு மேலே ஒரு பொதுப் பற்றை வளர்க்கும் ‘அரசு-தேசம்’ மற்றொரு வழி. இதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியத் தமிழர்களையும் இலங்கைத் தமிழர்களையும்.

1956 இல் இந்தியா மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தது. இலங்கை தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திரத்தின்போது பிரிவினைக் குரல் கேட்டது தமிழ்நாட்டில். இங்கே அப்போது அது இல்லை. தி.மு.க. 1963 இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967 இல் ஆட்சிக்கு வந்தது. இங்கே 1976 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. பிரிவினை ஓர் இனத்தின் இயல்பு அல்ல, அரசின் கொள்கைகள் அதை உருவாக்கவும் கரைக்கவும் செய்யும் என்பதே நூலின் முடிவு. இதை ஓர் அரசியல் மேடையில் சொன்னால் பக்கச்சார்பு என்பார்கள். அதனால்தான் ஆய்வு நூலொன்றில் ஒப்பீட்டுச் சான்றுகளோடு பதிவாகியிருப்பது முக்கியம்.

நறுக்குகளின் களஞ்சியம்

இனி அந்த ஆவணங்களுக்கு வருவோம். 1975 நவம்பரில் பிராங்கோ இறந்தார். 1977 ஜூனில் தேர்தல், 1978 டிசம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வாக்கெடுப்பு, 1981 பெப்ரவரியில் தோல்வியுற்ற இராணுவச் சதி, 1982 இல் சோசலிஸ்ட் கட்சியின் வெற்றி என்று ஸ்பெயின் வேகமாக மாறியது. 1973 முதல் 1987 வரையான இந்த மாற்றத்தைப் பதிவுசெய்த ஸ்பானிய நாளேடுகளிலிருந்து லின்ஸ் பல்லாயிரக்கணக்கான நறுக்குகளைச் சேர்த்து வைத்தார். கட்சிகள், தொழிற்சங்கங்கள், திருச்சபை, இராணுவம், பாஸ்க் பிரச்சினை என ஒரு சமூகவியலாளரின் கண்ணோடு தெரிவுசெய்யப்பட்டவை அவை. இன்று அவை மட்ரிட்டின் ஹுவான் மார்ச் மன்றத்திடம் எண்ணிமப்படுத்தப்பட்டு, எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடியதாக இருக்கின்றன.

ஒரு நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் வெற்றிபெற்றவர்கள் தமக்கேற்றபடி சொல்வார்கள். அந்தந்த நாளில் அச்சான செய்திக்கு அந்த வசதி இல்லை. யார் எப்போது தயங்கினார், யார் எதை மறுத்தார் என்பது அதில் அப்படியே கிடக்கும்.

என் அப்பாவும் நறுக்குகள் சேர்த்தவர். தகரப் பெட்டி நிறைய, திகதி எழுதி ஒட்டிய பத்திரிகைத் துண்டுகள். 1995 இடப்பெயர்வின்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, உள்ளே கறையான் புற்று மட்டும்தான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981 இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு முன்னால் இது சிறிய இழப்புத்தான். ஆனால் இப்படியான பெட்டி இல்லாத தெரு எங்கள் ஊரில் இருந்ததில்லை.

2005 முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் தமிழ்ப் பத்திரிகைகளையும் நூல்களையும் சேகரித்து வருகிறது. அந்த உழைப்பு பெரியது. ஆனாலும் தனிப்பட்டவர்களின் அலுமாரிகளிலும் கட்டில்களுக்கு அடியிலும் கிடப்பவை இன்னும் வெளியே வரவில்லை. அவற்றைச் சேர்த்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தால், அதைத் திறந்து பார்ப்பதற்கு இன்னொரு மழைக்காலம் வரை காத்திருக்காதீர்கள்.