மாப்பிள்ளையும் மச்சானும் படித்த கல்வெட்டுகள்

பழைய பாகன் பற்றி இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு மாப்பிள்ளையும் மச்சானும்தான்.

கோர்டன் லூஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1912ல் ரங்கூன் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்க வந்தார். பாலி அறிஞர் பே மௌங் டின் நண்பரானார். 1915ல் அவர் தங்கை டீ டீயையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். (டீ டீயும் லேசுப்பட்டவர் இல்லை. ரங்கூன் தெருப்பையன்களுக்கு இல்லம் நடத்தி 1959ல் மகசேசே விருது வாங்கியவர்.)

1923ல் இருவரும் 'கண்ணாடி அரண்மனை வரலாறு' நூலில் பாகன் வரையிலான பகுதியை ஆங்கிலத்தில் தந்தார்கள். ஆனா அது 1829ல் ராஜா சொல்லித் தொகுக்க ஆரம்பித்தது. பாகன் சரிந்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அதை மட்டும் நம்பினா எப்படி? கல்வெட்டுகளின் மைப்படிகளைத் திரட்டினார்கள். 1933 முதல் 1956 வரை ஐந்து பெரிய தொகுதிகள். என்னைக் கேட்டால், அவர்கள் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான்.

நடுவில் 1942ல் ஜப்பான்காரன் வர, லூஸ் இந்தியாவுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. திரும்பிப் போனவரை 1964ல் நே வின் ஆட்சி வெளியேற வைத்தது. ஜெர்சி தீவில் குடியேறினார். பாகன் பற்றிய அவருடைய மூன்று தொகுதி நூல் 1969-70ல் வந்தபோது வயசு எண்பது. மச்சான் பர்மாவிலேயே இருந்து 1973ல் காலமானார்.