பியோர்ன்சன், பியோர்ன்ஸ்டியர்னே (1832–1910)

நார்வே நாட்டுக் கவிஞர், நாவலாசிரியர், நாடகாசிரியர். 1903-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் நார்வேக்காரர் இவரே. இப்சன், யூனஸ் லீ, கீலன்ட் ஆகியோரோடு சேர்த்து அந்நாட்டு இலக்கியத்தின் பெரும் நால்வருள் ஒருவராக எண்ணப்படுகிறார்.

க்விக்னே என்னும் மலையூரில் பாதிரியார் ஒருவரின் மகனாக 1832 டிசம்பர் 8 அன்று பிறந்தார். வளர்ந்தது ரூம்ஸ்டால் பகுதியில். அங்கே கண்ட உழவர் வாழ்க்கை ‘சின்னோவே சூல்பாக்கன்’ (1857) முதலிய கதைகளுக்குக் களமாயிற்று. ‘சாகா’ எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளின் சொற்செட்டைக் குடியானவர் கதைக்குள் கொண்டுவந்தது இவற்றின் சாதனை. அந்தக் குடியானவர்கள் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்ற குறையும் பொய்யல்ல.

பெர்கன் நகர நாடக அரங்கில் இப்சன் விட்டுச்சென்ற பொறுப்பை 1857-இல் ஏற்றார். முதலில் வரலாற்று நாடகங்கள் எழுதியவர், 1875-இல் வெளிவந்த ‘ஒரு திவால்’ நாடகத்தில் கடனில் மூழ்கிய வணிகர் ஒருவரை மேடையேற்றினார். இப்சனின் ‘சமூகத்தின் தூண்கள்’ வந்தது அதற்கு இரண்டாண்டு கழித்து. சமகால நாடகத்துக்கு வழிதிறந்த பெருமையில் பியோர்ன்சனின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆயினும் இவருடைய நாடகங்களில் ஆழமானது ‘ஆற்றலுக்கு அப்பால்’ (1883) முதற்பகுதிதான். பிரார்த்தனையால் அற்புதங்கள் நிகழ்த்தும் பாதிரியார் சாங், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவிக்காக வேண்டுகிறார். அவள் எழுந்து நடக்கிறாள், அவர் கைகளிலேயே இறக்கிறாள், அவரும் சாய்கிறார். நம்பிக்கையை ஏளனம் செய்யாமலே அதன் விலையைக் கேட்கும் நாடகம் இது.

நார்வேயின் நாட்டுப்பண் இவர் எழுதியது. உறவினர் ரிக்கார்ட் நூர்ட்ராக் இசையமைக்க, அரசியலமைப்பின் பொன்விழாவான 1864 மே 17 அன்று அது பொதுமேடையில் பாடப்பட்டது. நாடாளுமன்றம் அதற்கு முறையான ஏற்பு அளித்தது 2019-இல்தான்!

பேச்சிலும் பத்திரிகையிலும் ஓயாது வாதாடியவர். பிரான்சில் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட படை அதிகாரி டிரைஃபஸுக்காகவும், ஹங்கேரி ஆட்சியின்கீழ் ஒடுக்கப்பட்ட ஸ்லோவாக்கியருக்காகவும் குரல் கொடுத்தார். சுவீடனோடு இருந்த ஒன்றியத்தில் நார்வேயின் உரிமைக்காகப் போராடினார். இப்சனோடு நட்பும் பிணக்கும் மாறிமாறி இருந்தன. 1892-இல் மகள் பெர்கிலியோட், இப்சனின் மகன் சிகுர்டை மணந்ததால் இருவரும் சம்பந்திகளாயினர்.

1910 ஏப்ரல் 26 அன்று பாரிசில் காலமானார். கடற்படைக் கப்பலில் உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, இன்றைய ஆஸ்லோவில் அடக்கம் செய்யப்பட்டது. கவுஸ்டால் பள்ளத்தாக்கில் அவர் வாழ்ந்த ஆவுலஸ்டாட் பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகம்.