தரங்கம்பாடியும் சீனப் பீங்கானும்

நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் ஒன்று 'பீங்கான்'. பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்த 'பிங்கான்' என்னும் சொல் அரபியில் 'ஃபின்ஜான்' என்றாகிக் குவளைக்குப் பெயராயிற்று. மலாய் மொழியில் உணவுத் தட்டுக்குப் பெயராயிற்று. தமிழில் பீங்கானாக நிலைபெற்றது. பண்டம் சீனத்துக்குரியது, பெயரோ பாரசீகத்துக்குரியது. அப்பண்டம் நம் கரையை வந்தடைந்த கடல்வழியில் அரபு, பாரசீக வணிகரும், அவர்களோடு தொழில் நடத்திய தமிழ் முஸ்லிம் கடலோடிகளும் கொண்டிருந்த பங்கை இச்சொல்லே நமக்கு நினைவூட்டுகிறது.

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை, 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக எழுந்தது. அக்கோட்டையின் அருங்காட்சியகத் தொகுப்பில் சீனத் தேயிலைச் சாடிகளும் பீங்கான் கலங்களும் இடம்பெற்றுள்ளன. இவற்றை டேனியர் விட்டுச் சென்ற நினைவுச் சின்னங்கள் என்று மட்டும் கருதி நகர்ந்துவிடுவது எளிது. ஆயின், அவற்றின் பின்னேயுள்ள வரலாறு டேனியரோடு தொடங்கவுமில்லை. 1845-இல் அவர்கள் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றதோடு முடியவுமில்லை.

கோபன்ஹேகனிலிருந்து 1730-இல் புறப்பட்ட டேனியக் கப்பல் ஒன்று காண்டன் துறைமுகம் சென்று 1732-இல் திரும்பியது. அவ்வாண்டே டேனிய ஆசியக் கம்பெனி நிறுவப்பட்டது. அக்காலக் கப்பல்களுக்குத் தேயிலையே முதன்மைச் சரக்கு. கனமானதும் ஈரத்தால் கெடாததுமான பீங்கான், கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டுக் கலத்தை நிலைநிறுத்தியது. மேலே வைத்த தேயிலையைக் கசிவுநீரிலிருந்தும் காத்தது. ஜிங்தெஜென் நகரத்துச் சூளைகளில் வெந்த வெண்கலங்களின்மீது, வாங்குவோர் அனுப்பிய குலச்சின்னங்களையும் எழுத்துகளையும் காண்டன் நகர ஓவியர் தீட்டிக் கொடுத்தனர். தாம் படித்தறியாத எழுத்தையும் அவர்கள் பிழையறப் படியெடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சந்தையில் இறுதியாக வந்து சேர்ந்தோர் அமெரிக்கர். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1784-இல், 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்து காண்டன் சென்றது. அது கொண்டுவந்த பீங்கான்களில், புதிய நாட்டின் படைத்தலைவர் சங்கச் சின்னம் தீட்டிய 302 கலங்களை 1786-இல் ஜார்ஜ் வாஷிங்டன் வாங்கினார். அதே 1784-இன் டிசம்பரில், பிலடெல்பியாவிலிருந்து வந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பல் தரங்கம்பாடிக்கு வடக்கேயுள்ள புதுச்சேரியில் நங்கூரமிட்டது. இந்தியக் கரையைத் தொட்ட முதல் அமெரிக்கக் கப்பல் அதுவே.

வாங்குவோரின் விருப்பத்துக்கேற்பக் கலம் வனையும் இந்த வழக்கத்தை ஐரோப்பியர் புதிதாகத் தோற்றுவித்ததாகப் பல நூல்கள் எழுதிச் செல்கின்றன. அது முழு உண்மையன்று. சீனத்து நீல ஓவியப் பீங்கானுக்கு உயிர்தந்த கோபால்ட் நிறப்பொருள் பாரசீக நாட்டிலிருந்து சென்றது. சீனரே அதனை 'முஸ்லிம் நீலம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மிங் பேரரசர் ஜெங்தேயின் ஆட்சியில் (1506–1521) அரபி, பாரசீக எழுத்துகள் பொறித்த கலங்கள் அங்கே செய்யப்பட்டன. டேனியக் குலச்சின்னமும் அமெரிக்கக் கழுகும் அக்கலங்களில் ஏறுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபி எழுத்து ஏறிவிட்டது.

நம் கரையின் சான்று அதனினும் பழையது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில், 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அவற்றை விரிவாக ஆராய்ந்தார். லொங்சுவான் சூளைகளின் பசுநிறப் பீங்கானும் நீல ஓவியப் பீங்கானும் அவற்றுள் உண்டு. டேனியர் தரங்கம்பாடியில் காலூன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய பண்டங்கள் இவை.

கோட்டைக்குள் இருக்கும் சாடிக்குக் காவலும் கூரையும் உண்டு. கடலோர ஊர்களின் மணலில் மழைக்குப்பின் தலைகாட்டும் ஓட்டுத் துண்டுக்கு அவை இல்லை. நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகள் இடிபடும்போது, பரணிலிருந்து இறங்கும் பீங்கான் சஹன்களும் சாடிகளும் பழம்பொருள் வணிகர் கைக்குப் போய்விடுகின்றன. எந்த ஊர், எந்த வீடு என்ற குறிப்பை இழந்த கலம் விலைபெறலாம், சான்றாகாது. கிடைத்த இடம் தெரிந்த உடைந்த ஓடோ, ஒரு துறைமுகத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வல்லது.

ஆகவே நாம் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பழங்கலங்களைப் படமெடுத்து, அவை யார் வழியாக, எத்துறையிலிருந்து வந்தன என்று மூத்தோர் சொல்லக் கேட்டு எழுதி வைப்போம். மண்ணில் கிடைப்பவற்றைக் கிடைத்த இடக் குறிப்போடு தொல்லியல் துறையிடம் சேர்ப்போம். டேனியரின் சாடிகளுக்குக் கோட்டை இருக்கிறது. நம் முன்னோரின் கலங்களுக்கு இப்போது இருப்பது மூத்தோரின் நினைவு மட்டுமே.